‘டிலீட்’ ஏன் வேலை செய்யேல்லை எண்டு முதலில கேளுங்கோ

பார்ட்டிஷன் என்றால் கலைப்பீடத்து ஆக்களுக்கு 1947 தான் முதலில் ஞாபகம் வரும். போன வருசம் வரைக்கும் எங்களுக்கும் அப்படித்தான். பிறகு எங்கட போடிங் அறைக்கு ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் வந்து சேர்ந்தது. அதிலிருந்த பார்ட்டிஷன்களை அழிக்கப் போய் நாங்கள் செய்த ஒரு பெரிய பிழையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பிழையை ஒப்புக்கொள்வதோடு நிறுத்தவும் விருப்பமில்லை. எங்களுக்கு ஒரு கருத்தும் இருக்கிறது. ஒன்றை அழிக்கமாட்டேன் என்று கொம்பியூட்டர் அடம்பிடித்தால், எப்படி அழிக்கலாம் என்று தேட முதல், ஏன் அடம்பிடிக்கிறது என்று கேட்க வேணும். அந்தக் கேள்வியைக் கேட்கும் அளவுக்காவது கலைப்பீட மாணவருக்கு கொம்பியூட்டர் படிப்பிக்க வேணும்.

நாங்கள் நாலு பேர். மூன்றாம் வருசம். திருநெல்வேலியில் ஒரு அறை, நாலு பேருக்கும் ஒரு டெஸ்க்டொப். அதில் இருந்தது 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று. நாலு பேருடைய ஒப்படைகள், ஸ்கேன் செய்த புத்தகங்கள், படங்கள் எல்லாம் சேர்ந்து அது நிரம்பி, இடம் காட்டுகிற அந்தக் கோடு எப்போதும் சிவப்பாகவே கிடந்தது. 2022 இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ரூபாவுக்குப் போனதற்குப் பிறகு எங்களைப் போன்ற ஆக்கள் கடையில் புதுச் சாமானின் விலையைக் கேட்பதையே விட்டுவிட்டோம். பழைய லப்டொப் ஒன்றிலிருந்து கழற்றிய 500 ஜிபி டிஸ்க் 4,500 ரூபாவுக்குக் கிடைத்தது. வாங்கி, இரண்டாவது டிஸ்க்காகப் பூட்டினோம்.

விண்டோஸில் திறந்து பார்த்தால் 465 ஜிபி என்று காட்டியது. ஏமாற்றிப்போட்டாங்கள் என்று நினைத்தோம். அப்படி இல்லை. செய்கிற கம்பனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024 ஆல் எண்ணுகிறது. 500 ஜிபி டிஸ்க் எல்லாமே விண்டோஸில் ஏறத்தாழ 465 தான். இந்த 465 ஐ ஞாபகத்தில் வைத்திருங்கள். பிறகு வரும்.

டிஸ்க் மனேஜ்மென்ட்டைத் திறந்தால், பழைய லப்டொப்பின் முழுச் சீவியமும் அதில் கிடந்தது. 260 எம்பியில் இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் ஒன்று, பழைய சி டிரைவ், 1 ஜிபிக்குக் கிட்டவாக ரிக்கவரி ஒன்று, கடைசியில் லப்டொப் கம்பனிக்காரன் வைத்த 12 ஜிபி பிரிவு ஒன்று. பழைய சி டிரைவை ரைட் கிளிக் செய்து அழித்தோம், போய்விட்டது. மற்ற மூன்றிலும் ரைட் கிளிக் செய்தால் வருவது ஒரே ஒரு சொல். ‘ஹெல்ப்’. டிலீட் இல்லை, ஃபோமட் இல்லை. அந்த ஹெல்ப்பை அமத்தினாலும் எங்கட கேள்விக்கு மறுமொழி இல்லை.

கடையில் கேட்டோம். “தம்பி, டிஸ்க் பழுது போல கிடக்கு. 2,000 தாங்கோ, பாத்துத் தாறன்” என்றார் அண்ணை. டிஸ்க் பழுதில்லை. அது எங்களுக்கு அப்போது தெரியாது. 2,000 ரூபாவும் இல்லை. யூடியூப்பில் தேடினோம். மூன்று நிமிச வீடியோ, ஆறு வரிக் கொமாண்ட், கீழே ஆயிரக்கணக்கில் நன்றி. அப்படித்தான் ஆரம்பித்தது.

அந்த வீடியோக்காரர் சொல்லாததை நாங்கள் இப்போது சொல்லுகிறோம். இரண்டாவது டிஸ்க்கில் ஒரு பார்ட்டிஷன் அழிய மறுத்தால் அதற்குப் பொதுவாக நாலைந்து காரணங்கள் தான் இருக்கும்.

முதலாவது, அதன் வகை. இப்போதைய டிஸ்க்குகளில் ஜிபிடி என்ற அட்டவணை இருக்கிறது. ஒவ்வொரு பிரிவும் எந்த வகை என்று அதிலே ஒரு குறியீடு எழுதப்பட்டிருக்கும். இது இஎஃப்ஐ, இது ரிக்கவரி என்று குறியீடு சொன்னால், டிஸ்க் மனேஜ்மென்ட் அதில் கை வைக்க விடாது. அந்தப் பிரிவை யாராவது பாவிக்கிறார்களா, அந்த லப்டொப் செத்துப்போய் இரண்டு வருசமா என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. எங்கட டிஸ்க்கின் பிரச்சினை இதுதான்.

இரண்டாவது, உங்கட கொம்பியூட்டரே அந்தப் பிரிவில் நின்றுகொண்டிருக்கலாம். இதுதான் ஆபத்தானது. இரண்டு டிஸ்க்கும் பூட்டியிருக்கும்போது விண்டோஸை நிறுவினால், முதல் டிஸ்க்கில் விண்டோஸையும், ஏற்கெனவே மற்ற டிஸ்க்கில் இருந்த இஎஃப்ஐ பிரிவில் அதைத் தொடக்கும் கோப்புகளையும் அது வைத்துவிடக்கூடும். அந்தப் பிரிவைப் பழசு என்று அழித்தால் அடுத்த நாள் கொம்பியூட்டர் எழும்பாது. டிஸ்க்பார்ட்டில் ‘லிஸ்ட் வொலியூம்’ என்று அடித்தால் கடைசி நிரலில் ‘சிஸ்டம்’ என்று எதற்கு நேரே எழுதியிருக்கிறதோ, அதிலிருந்துதான் உங்கட கொம்பியூட்டர் தொடங்குகிறது. விண்டோஸ் இருக்கும் இடத்துக்கு ‘பூட்’ என்று போட்டிருக்கும். தொடக்கும் பிரிவுக்கு ‘சிஸ்டம்’ என்றும் சிஸ்டம் இருக்கும் பிரிவுக்கு ‘பூட்’ என்றும் பெயர் வைத்த ஆள் யாரென்று தெரிந்தால் ஒரு ரீ வாங்கிக் கொடுக்கலாம். குழப்பமாக இருந்தால் இலகுவான வழி ஒன்று இருக்கு. கொம்பியூட்டரை நிறுத்தி, இரண்டாவது டிஸ்க்கின் வயரைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள். எழும்பினால் பயமில்லை.

மூன்றாவது, பேஜ் ஃபைல். ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் கொஞ்ச இடத்தை ரேம் போலப் பாவிக்கும். யாராவது அதை இரண்டாவது டிஸ்க்குக்கு மாற்றி வைத்திருந்தால், அந்தப் பிரிவை விண்டோஸ் விடாது. அமைப்பில் போய் திரும்ப சி டிரைவுக்கு மாற்றி, ஒருக்கா ரீஸ்டார்ட் செய்தால் சரி.

நாலாவது, டிஸ்க் ‘வாசிக்க மட்டும்’ என்று பூட்டப்பட்டிருப்பது, அல்லது ஏதாவது ஒரு புரோகிராம் அதிலுள்ள கோப்பைத் திறந்து வைத்திருப்பது. ஐந்தாவது, டிஸ்க் உண்மையாகவே சாகத் தொடங்கியிருப்பது. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும். அது ‘கோஷன்’ அல்லது ‘பாட்’ என்று சொன்னால் பார்ட்டிஷனோடு மல்லுக்கட்டாமல் உள்ளே இருப்பதை வெளியே எடுக்கிற வேலையைப் பாருங்கள்.

முதலாவது காரணம் தான் என்று நிச்சயமானால், வேலை சின்னது. கொமாண்ட் புரொம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ‘டிஸ்க்பார்ட்’ என்று அடிக்க வேணும். பிறகு ‘லிஸ்ட் டிஸ்க்’. பிறகு ‘செலக்ட் டிஸ்க்’ என்று சரியான எண். பிறகு ‘டீடெயில் டிஸ்க்’. பிறகு ‘லிஸ்ட் பார்ட்டிஷன்’, ‘செலக்ட் பார்ட்டிஷன்’ என்று எண். கடைசியில் ‘டிலீட் பார்ட்டிஷன் ஓவரைட்’. அந்த ‘ஓவரைட்’ என்ற சொல் தான் திறப்பு. வகை என்னவாக இருந்தாலும் அழி என்று அது சொல்லுகிறது. ஒவ்வொன்றாக அழிக்கப் பஞ்சி என்றால் ‘கிளீன்’ என்று ஒரு சொல் அடித்தால் டிஸ்க்கின் முழு அட்டவணையும் போய்விடும்.

அந்த வீடியோவில் ‘டீடெயில் டிஸ்க்’ இல்லை. ‘கிளீன்’ இருந்தது.

நாங்கள் பார்க்கத் தொடங்கியது ஒரு ராத்திரி. கரண்ட் போய், நாளைக்குச் செய்வம் என்று படுத்துவிட்டோம். அன்றைக்குப் பின்னேரம் எங்கட பட்ச் தோழி ஒருத்தி தன்னுடைய எக்ஸ்டேர்னல் ஹார்ட் டிஸ்க்கைத் தந்திருந்தாள், அதிலிருந்த சில புத்தகங்களைக் கொப்பி பண்ணச் சொல்லி. அது கொம்பியூட்டரிலேயே செருகி இருந்தது. காலையில் கொம்பியூட்டரைப் போட்டு, வீடியோவையும் போட்டு, அவர் சொன்னபடி அடித்தோம். ‘லிஸ்ட் டிஸ்க்’. பூச்சியம் எங்கட எஸ்எஸ்டி. ஒன்று, 465 ஜிபி. இரண்டு, 465 ஜிபி. வீடியோவில் அவர் ‘செலக்ட் டிஸ்க் 1’ என்றார். முதல் நாள் இரவும் எங்கட பழைய டிஸ்க் ஒன்றாம் இலக்கத்தில் தான் இருந்தது. அந்த எண் டிஸ்க்கோடு ஒட்டிப் பிறந்தது இல்லை, ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் மாறலாம் என்பது எங்களுக்குத் தெரியாது. ‘கிளீன்’ என்று அடித்தோம். நிச்சயமா என்று அது கேட்கவில்லை. ஒரு செக்கன் தான். வெற்றிகரமாகச் சுத்தம் செய்தேன் என்று ஒரு வரி வந்தது.

நாங்கள் கை தட்டினோம். புதுப் பிரிவு ஒன்று உருவாக்கி, ஃபோமட் பண்ணி, 60 ஜிபி படங்களையும் ஏற்றினோம். பின்னேரம் தான் ஒருத்தர் டிஸ்க் மனேஜ்மென்ட்டைத் திரும்பத் திறந்து பார்த்தார். பழைய டிஸ்க்கில் அந்த மூன்று பிரிவும் அசையாமல் அப்படியே இருந்தது.

தோழியின் டிஸ்க்கில் இருந்தது அவளுடைய ஆய்வுக்கட்டுரைக்கான 38 ஒலிப்பதிவுகள். 1990 இல் மயிலிட்டியில் இருந்து இடம்பெயர்ந்து, 27 வருசத்துக்குப் பிறகு 2017 இல் துறைமுகப் பகுதி விடப்பட்டபோது திரும்பிப் போன ஆக்களோடு எடுத்த நேர்காணல்கள். ஏழு மாசம் சைக்கிளிலும் பஸ்ஸிலும் போய் எடுத்தது. ஃபோனில் இடம் இல்லை என்று ஃபோனில் இருந்ததை அழித்துவிட்டாள். வேறு பிரதி இல்லை. நாங்கள் சொன்னபோது அவள் கத்தவில்லை. “என்னடா செய்தனீங்கள்?” என்று மட்டும் கேட்டாள். நாங்கள் என்ன செய்தோம் என்று எங்களுக்கே சரியாகத் தெரியாததால் மறுமொழி சொல்லவும் ஏலாமல் இருந்தது.

‘கிளீன்’ அட்டவணையைத் தான் அழிக்கிறது. உள்ளே இருக்கும் தரவுகள் அவற்றின் மேல் வேறு எதுவும் எழுதப்படும் வரைக்கும் அங்கேயே கிடக்கும். அந்த நிமிசமே நிறுத்தியிருந்தால் டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளால் பழைய அட்டவணையைத் தேடிப் பிடித்து, பெயர்களோடு எல்லாவற்றையும் எடுத்திருக்கலாம். நாங்கள் ஃபோமட் பண்ணி, மேலே 60 ஜிபியும் எழுதிவிட்டோம். ஆகவே அதன் தம்பி ஃபோட்டோரெக் தான் உதவியது. பெயர் தான் ஃபோட்டோ, ஒலிக் கோப்புகளையும் தேடும். அது அட்டவணையைப் பார்ப்பதில்லை. டிஸ்க்கை ஒவ்வொரு துண்டாக வாசித்து, இது ஒரு ஒலிக் கோப்பின் தலை போல இருக்கு என்று அடையாளம் கண்டு எடுத்துத் தரும். மீட்பதை அதே டிஸ்க்கில் எழுதக்கூடாது. எழுதினால் மீட்க வேண்டியதையே அழித்துவிடும். வேறு டிஸ்க் வேணும். அப்படித்தான் எங்கட 4,500 ரூபா டிஸ்க்கின் மூன்று பிரிவுகளும் கடைசியில் அழிக்கப்பட்டன. மற்ற டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, எண்ணைப் பார்த்து, ‘டீடெயில் டிஸ்க்’ அடித்து, மொடலின் பெயரை டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரோடு ஒப்பிட்டு, ‘ஓவரைட்’ போட்டு, ஒவ்வொன்றாக. அதற்கு எடுத்தது ஐந்து நிமிசம்.

ஃபோட்டோரெக் ஒரு இரவும் அடுத்த பகல் பாதியும் ஓடியது. 35 பதிவுகள் வந்தன. ஒன்றிலும் பெயர் இல்லை. வெறும் எண்கள். ஆரோடு கதைத்தது, எந்த நாள் என்று ஒன்றும் தெரியாது. கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேணும். அடுத்த இரண்டு கிழமையும் நாங்கள் நாலு பேரும் அவளும் இருந்து கேட்டோம். எங்கட ஒருத்தருக்கும் மயிலிட்டியில் சொந்தம் இல்லை. கிணறு மூடிக் கிடந்ததையும், வீடு இருந்த இடத்தைத் தென்னையை வைத்துக் கண்டுபிடித்ததையும், வள்ளம் விட்டுவிட்டு வந்ததையும் அந்தக் குரல்களில் கேட்டோம். வராத மூன்றில் இரண்டு பேரிடம் அவள் திரும்பிப் போனாள். எங்களில் ஒருத்தரும் கூடப்போய் மன்னிப்புக் கேட்டார். மூன்றாவது ஒரு ஐயா. பதிவு எடுத்து மூன்று மாசத்தில் மோசம் போய்விட்டார்.

இப்போது கருத்துக்கு வருகிறோம். பிழை எங்களுடையது. அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு டிஸ்க்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில், செத்துப்போன லப்டொப் ஒன்றின் 260 எம்பி. ஒருத்தருக்கும் பிரயோசனம் இல்லாத பிரிவு. அதைத் தொடக்கூட விண்டோஸ் எங்களை விடவில்லை. மற்றதில் 38 பேரின் குரல். அதை அழிக்க ஒரு சொல் போதுமாக இருந்தது, ஒரு கேள்வியும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கில் ‘கிளீன்’ அடித்துப் பாருங்கள், அனுமதி இல்லை என்று சொல்லும். யந்திரம் தனக்குத் தேவையானதைத் தான் காக்கும். எங்களுக்குத் தேவையானது எது என்று அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்து காக்க வேண்டிய ஆக்கள் நாங்கள் தான். எங்களுக்கு அதைச் சொல்லித் தந்த ஆள் ஒருத்தரும் இல்லை.

“இதெல்லாம் ஐடி பெடியளின்ர வேலை, ஆர்ட்ஸ் காரருக்கு எதுக்கு?” என்று எங்கட பட்ச்சிலேயே கேட்கிறார்கள். எங்களுக்கு இது வேறு மாதிரிப் படுகிறது. ஒரு புரோகிராம் அழிந்தால் திரும்ப எழுதலாம். கிராமம் கிராமமாகப் போய் வயசு போன ஆக்களின் கதையைப் பதிவு செய்வது வரலாறு, சமூகவியல், தமிழ், புவியியல் மாணவர்கள். திரும்ப எடுக்க ஏலாத தரவு கம்பஸில் அதிகம் இருப்பது கலைப்பீடத்து மாணவர்களின் கைப்பையில் தான். ஆனால் முதலாம் வருசத்தில் எங்களுக்குப் படிப்பித்த கொம்பியூட்டர் பாடத்தில் வேர்டும் பவர்பொயின்ட்டும் இருந்தது, ரேம் என்றால் என்ன என்று வரைவிலக்கணம் எழுதச் சொன்னார்கள். டிஸ்க் என்றால் என்ன, பக்கப் என்றால் என்ன என்று ஒரு மணித்தியாலம் கூட இல்லை. ஆய்வு முன்மொழிவில் நேர்காணல் கொடுப்பவரின் சம்மதம் எடுத்தீர்களா என்று கேட்கிறார்கள். நல்ல விசயம். அந்தப் பதிவை எங்கே, எத்தனை பிரதியாக வைத்திருப்பீர்கள் என்று கேட்பதில்லை. நம்பித் தந்த குரலைத் தொலைக்காமல் வைத்திருப்பதும் அந்தச் சம்மதத்தின் ஒரு பகுதி தானே?

பெரிய செலவும் இல்லை. மூன்று பிரதி, இரண்டு வகையான இடத்தில், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. உலகம் முழுக்கச் சொல்லுகிற விதி இதுதான். கூகுள் கணக்கு ஒன்றுக்கு 15 ஜிபி இலவசம். தோழியின் 38 பதிவும் சேர்ந்து 2 ஜிபி கூட வராது. கம்பஸ் வைஃபையில் ஒரு பகலில் ஏற்றியிருக்கலாம். அது எங்கள் ஐந்து பேருக்கும் தோன்றவில்லை என்பது தான் வெட்கம்.

இன்னொரு விசயமும் சொல்ல வேணும். ஃபோட்டோரெக் அவளுடைய பதிவுகளை மீட்டபோது எங்களுக்கு ஒன்று உறைத்தது. அதே மென்பொருளை எங்கட பழைய டிஸ்க்கில் ஓடவிட்டால், முந்திய சொந்தக்காரரின் படங்களும் அடையாள அட்டைக் கொப்பியும் இதே போல வந்திருக்கும். அவரும் டிலீட் பண்ணிவிட்டோம் என்று நம்பித்தான் விற்றிருப்பார். ஆகவே டிஸ்க்கை விற்கிற ஆக்கள் ‘கிளீன்’ போதும் என்று நினைக்காதீர்கள். ‘கிளீன் ஓல்’ என்று இரண்டு சொல்லாக அடித்தால் ஒவ்வொரு இடத்திலும் பூச்சியம் எழுதும். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்குக்கு இரண்டு மணித்தியாலம் வரை எடுக்கும், அதுக்குப் பிறகு ஃபோட்டோரெக்குக்கும் ஒன்றும் மிஞ்சாது. வாங்குகிற ஆக்களுக்கு ஒன்று: உள்ளே என்ன இருக்கு என்று பார்க்கப் போகாதீர்கள்.

தோழி அடுத்த மாசம் ஆய்வுக்கட்டுரையைக் கொடுக்கிறாள். எங்கட பழைய டிஸ்க்கில் இப்போது ஒரே ஒரு பிரிவு, அதன் பெயர் ‘மயிலிட்டி’. பெயர் வைத்திருந்தால் ‘லிஸ்ட் வொலியூம்’ அடிக்கும்போது அந்தப் பெயர் தெரியும், 465 என்று மட்டும் தெரியாது. அறையில் ஒரு சட்டமும் வந்திருக்கிறது. டிஸ்க்பார்ட்டைத் திறக்கிற ஆள், கடைசிச் சொல்லை அடிக்க முதல், எந்த டிஸ்க், என்ன மொடல், அதில ஆற்ற என்ன இருக்கு எண்டு பக்கத்தில இருக்கிற ஆளுக்குச் சத்தமாக வாசிக்க வேணும். மற்ற ஆள் ஓம் எண்டு சொன்னால் மட்டும் என்டரை அமத்தலாம்.